லின்வில் பள்ளத்தாக்கின் மஞ்சள் பூச்செடி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், ப்ளூ ரிட்ஜ் மலைத்தொடரின் ஒரு மூலையில் மட்டும் வளரும் குட்டைப் புதர்ச்செடி ஒன்று உண்டு. தாவரவியலில் ஹட்சோனியா மொன்டானா, அந்த ஊர்க்காரர்கள் வாயில் மவுண்டன் கோல்டன் ஹெதர். சார்லட், ராலே பக்கம் குடியிருக்கும் நம்மவர்கள் பலர் லின்வில் அருவிக்கும் டேபிள் ராக் மலைக்கும் போய் வருகிறார்கள். வழியில் இந்தச் செடியைத் தாண்டித்தான் போயிருப்பார்கள். பெரும்பாலோர் கவனித்திருக்க மாட்டார்கள்.

பார்க்க எப்படி இருக்கும்?

பூக்காத நாளில் பார்த்தால் செடி என்றே தோன்றாது. பாறை இடுக்கில் படர்ந்த பாசித் திட்டு போலவோ, வளர மறந்த ஜூனிப்பர் கன்று போலவோ இருக்கும். உயரம் ஒரு சாண் தேறினாலே அதிகம். இலைகள் ஊசி மாதிரி மெல்லியவை. பழைய இலைகள் உதிர்ந்து போகாமல், காய்ந்து செதில் செதிலாகத் தண்டிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அடியில் கிளைகள் கட்டையாகவே இருப்பதால் இதைப் பூண்டு என்று சொல்ல முடியாது. குட்டையாக இருந்தாலும் புதர்தான்.

பூத்துவிட்டால் கதை வேறு. ஐந்து இதழ், நல்ல எலுமிச்சை மஞ்சள், நடுவே இருபது முப்பது மகரந்தத் தாள்கள். செடியின் அளவுக்குப் பூ பெரியது, ஒரு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. பூ உதிர்ந்த பின் சின்ன உருண்டைக் காய். நுனியில் மூன்று கூர்கள் நீட்டிக்கொண்டிருக்கும். வெடித்து விதை கொட்டிய பிறகும் காய் அங்கேயே இருப்பதால், பூக்காலம் முடிந்து போகிறவர்கள் அதை வைத்து அடையாளம் காணலாம்.

குறிஞ்சி மாதிரி பல வருஷத்துக்கு ஒரு தடவைதான் பூக்குமா?

இல்லை. வருஷா வருஷம் பூக்கும். மே கடைசியிலிருந்து ஜூன் நடு வரை போனால் பார்க்கலாம். நீலக்குறிஞ்சி பூத்தபின் மடிந்துவிடும், இது அப்படியில்லை. ஒரே செடி பல வருஷம் பூத்துக் காய்க்கும். இன்னொரு வித்தியாசம், குறிஞ்சி மலைச்சரிவு முழுவதையும் நிறம் மாற்றும். இது பூத்தாலும் பாறையில் அங்கொன்றும் இங்கொன்றுமாக மஞ்சள் திட்டுகள்தான். மலையே மஞ்சளாகும் என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம் மிஞ்சும்.

சரியாக எந்த இடத்தில் வளருகிறது?

லின்வில் ஆறு அறுத்துக்கொண்டு போன பள்ளத்தாக்கின் விளிம்பிலும், பக்கத்து முகடுகள் சிலவற்றிலும். பர்க், மெக்டவல் என்ற இரண்டு மாவட்டங்கள். உலகத்தில் வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. உயரம் சுமாராக 2,800 முதல் 4,000 அடி வரை. பிஸ்கா தேசிய வனத்துக்குள் வரும் இடம் என்பதால் நிலம் பெரும்பாலும் அரசுடையது.

இரண்டு மாவட்டம் என்றதும் பெரிய பரப்பு என்று நினைக்க வேண்டாம். அந்த இரண்டு மாவட்டத்திலும் மலை, மலையில் பாறை முகடு, முகட்டில் வெயில் படும் திறந்த விளிம்பு என்று வடிகட்டிக்கொண்டே வந்தால், கடைசியில் மிஞ்சுவது ஒரு பக்கம் மொட்டைப் பாறை, மறு பக்கம் அடர்ந்த புதர், நடுவே கொஞ்சம் சரளை மண். இந்தச் செடியின் வீடு அந்தச் சரளைப் பட்டைதான். சில இடங்களில் அது ஒரு முழம் அகலம்கூட இருக்காது.

ஏன் அங்கே மட்டும்?

முழு விடையையும் யாரும் ஒரு வரியில் சொல்லிவிட முடியாது. ஆனால் பாறையிலிருந்து தொடங்கினால் பாதி புரியும்.

அந்த வட்டாரத்தில் நிலவியல் தலைகீழாக இருக்கிறது. நூறு கோடி வருஷப் பழமையுள்ள பாறை மேலே, அதைவிட வயது குறைந்த குவார்ட்சைட் கீழே. கண்டங்கள் மோதியபோது பழைய பாறை அடுக்கு புதியதன் மேல் ஏறிப் படுத்துக்கொண்டது. பிறகு மழையும் ஆறும் மேல் அடுக்கை அரித்துத் தள்ளியதில், அடியிலிருந்த குவார்ட்சைட் சன்னல் திறந்தது போல வெளியே தெரிகிறது. லின்வில் அருவியில் நின்றால் இந்த இரண்டு பாறையும் சந்திக்கும் கோட்டையே பார்க்கலாம்.

குவார்ட்சைட் என்பது இறுகிக் கல்லான மணல். லேசில் கரையாது. கரைந்தாலும் சத்தில்லாத, புளிப்பேறிய, தண்ணீர் நிற்காத வெள்ளை மணல்தான் கிடைக்கும். சாதாரணச் செடிகளுக்கு அது பட்டினி நிலம். இப்போது இந்தச் செடியின் சொந்தக்காரர்களைப் பாருங்கள். ஹட்சோனியா பேரினத்தில் இன்னும் இரண்டு இனங்கள் உண்டு. இரண்டுமே மணல் விரும்பிகள். ஒன்று அட்லாண்டிக் கரையோர மணல் காடுகளிலும் பாறைகளிலும், இன்னொன்று கடற்கரை மணல்மேடுகளிலும் பெரிய ஏரிகளின் கரையிலும் வளருகிறது. அதாவது கடலோரக் குடும்பத்தில் ஒரு கிளை மட்டும் கடலைவிட்டு நெடுந்தூரம் தள்ளி மலையுச்சியில் மாட்டிக்கொண்டிருக்கிறது. மாட்டிக்கொண்டாலும் அங்கேயும் அதற்கு மணல் கிடைத்துவிட்டது. இந்தச் செடியைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

ஹெதர் என்கிறார்களே, ஸ்காட்லாந்து மலைகளில் இருக்கும் ஹெதரா?

தோற்றம்தான் கொஞ்சம் அப்படி. உறவு கிடையாது. இது சிஸ்டேசியே குடும்பம், மத்தியதரைக் கடல் நாடுகளின் ராக்ரோஸ் செடிகளுக்குப் பங்காளி. ஹட்சோனியா என்ற பெயர் வில்லியம் ஹட்சன் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளரின் நினைவாக வைத்தது.

யார் கண்டுபிடித்தது?

தாமஸ் நட்டால். இங்கிலாந்தில் அச்சுக்கூடத் தொழிலாளியாக இருந்து, செடி மேல் உள்ள மோகத்தில் அமெரிக்காவுக்குக் கப்பலேறியவர். 1816-ல் கரோலினா மலைகளில் சுற்றியபோது இதைப் பார்த்தார். 1818-ல் தன் நூலில் தனி இனமாக விவரித்துப் பெயர் வைத்தார்.

அப்புறம் ஒரு சின்ன வழக்கு. கடலோர ஹட்சோனியாவின் மலைத் துணையினம்தான் இது, தனி இனம் இல்லை என்று சிலர் வகைப்படுத்தினார்கள். தனி இனம் என்ற கட்சியே பெரும்பாலும் நிலைத்திருக்கிறது, அரசுப் பட்டியலிலும் அப்படித்தான். எந்தக் கட்சி சரியானாலும் மலையில் இருக்கும் செடிகளின் எண்ணிக்கை மாறப்போவதில்லை.

எதனால் ஆபத்து?

இரண்டு பக்கத்திலிருந்தும் ஆபத்து. புதர் ஒரு பக்கம், செருப்பு மறு பக்கம்.

முதலில் புதர். செடிக்குப் பின்னால் சாண்ட் மிர்ட்டில், ரோடோடென்ட்ரான், மலை லாரல் போன்றவை அடர்த்தியாக நிற்கின்றன. அவை சும்மா நிற்பதில்லை, வருஷத்துக்கு வருஷம் பாறைப் பக்கம் நகர்ந்து வருகின்றன. நிழல் விழுந்தால் நம் செடி நலிந்துபோகும். அதன் விதை முளைக்க வெயில் படும் வெறும் மண் வேண்டும். சருகு மூடிய தரையில் முளைக்காது. பழைய நாளில் மின்னல் விழுந்தோ பழங்குடிகள் வைத்தோ அவ்வப்போது தீ வந்து புதரைப் பின்னுக்குத் தள்ளியது. இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்க வனத்துறை எந்தத் தீயையும் உடனே அணைப்பது என்று கங்கணம் கட்டிக்கொண்டது. 1935-ல், கண்ணில் பட்ட தீயை மறுநாள் காலை 10 மணிக்குள் கட்டுப்படுத்த வேண்டும் என்று கொள்கையே வகுத்தார்கள். காடு பிழைத்தது என்று எல்லோரும் மகிழ்ந்தார்கள். இந்தச் சரளைப் பட்டை மட்டும் சுருங்கிக்கொண்டே வந்தது.

அடுத்தது செருப்பு. செடிக்குப் பிடித்த இடமும் நமக்குப் பிடித்த இடமும் ஒன்றே. பள்ளத்தாக்கு முழுசாகத் தெரியும் பாறை விளிம்பு. உட்கார்ந்து புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிக்கத் தோதான இடம். டேபிள் ராக், சிம்னீஸ், ஷார்ட்டாஃப் ஆகிய மூன்றும் கயிறு கட்டிப் பாறை ஏறுபவர்களுக்குப் பெயர்போன இடங்கள். மாநிலத்தின் குறுக்கே மலையிலிருந்து கடல் வரை போகும் நெடும்பாதையும் இந்த முகட்டின் வழியாகத்தான் போகிறது. மண் ஆழமில்லாததால் நாலு பேர் மிதித்தாலே சரளை சரிந்துவிடும், நாற்று வேரோடு போகும். பெரிய செடி மிதி வாங்கியும் கொஞ்ச நாள் பச்சையாகவே நிற்பதால், மிதித்தவருக்குத் தான் செய்தது தெரியாது.

தீ வந்தால் இந்தச் செடியும் எரிந்து போகாதா?

எரியும். தீ நேராகப் பட்ட செடி பெரும்பாலும் செத்துப்போகும். ஆகவே தீ வைத்த வருஷம் மட்டும் போய் எண்ணிப் பார்த்தால், வனத்துறை பெரிய தவறு செய்துவிட்டது என்றுதான் தோன்றும்.

ஆனால் மண்ணுக்குள் விதைகள் காத்திருக்கின்றன. புதரும் சருகும் எரிந்து வெயில் தரையைத் தொட்டதும், அடுத்தடுத்த வருஷங்களில் நாற்றுகள் கிளம்புகின்றன. போனதைவிட வருவது அதிகமா என்பதுதான் கேள்வி. அதற்கு ஒரு வருஷக் கணக்கு போதாது.

அந்தக் கணக்கை யாராவது போட்டார்களா?

போட்டார்கள். அதுவும் நன்றாகவே. 1980-களிலிருந்து செடிகளை வருஷா வருஷம் எண்ணி, விதை, நாற்று, மிகச் சிறியது, சிறியது, நடுத்தரம், பெரியது என்று ஆறு நிலையாகப் பிரித்தார்கள். ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்கு எத்தனை பங்கு போகிறது, எத்தனை பங்கு சாகிறது என்று அணிக்கோவையில், அதாவது எண்களின் கட்டத்தில், அடுக்கினால், வருங்காலத்தில் கூட்டம் பெருகுமா குறையுமா என்று கணக்கிடலாம். 1998-ல் வெளியான ஆய்வு சொன்னது இது: ஒன்றும் செய்யாமல் விட்டால் செடி குறைந்துகொண்டே போகும். 6 முதல் 8 வருஷத்துக்கு ஒரு முறை தீ வைத்து, கூடவே மிதிபடுவதையும் குறைத்தால் தேறும்.

இதில் ஒரு வேடிக்கை. இந்தச் செடியின் எண்கள் பிற்பாடு பாடப்புத்தக உதாரணமாகி, ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில் பயிற்சித் தரவாகவும் கிடைக்கின்றன. உலகம் முழுவதும் சூழலியல் படிக்கும் மாணவர்கள், செடியை ஒரு தடவைகூடப் பார்க்காமல் அதன் பிறப்பு இறப்புக் கணக்கைப் போட்டுப் பழகுகிறார்கள். மலையடிவாரத்து ஊரில் கேட்டால் பலருக்கு இதன் பெயர் தெரியாது.

தீ வைத்தால் பிழைக்கும் என்று தெரிந்தபின் ஏன் அடிக்கடி வைப்பதில்லை?

சட்டமும் ஊரும் சம்பந்தப்பட்ட விஷயம். 1964-ல் அமெரிக்காவில் வனாந்தரச் சட்டம் வந்தபோது முதல் பட்டியலிலேயே இடம்பெற்ற பகுதி லின்வில் பள்ளத்தாக்கு. அந்தச் சட்டத்தின் உயிர்நாடியே மனிதக் கை படாமல் விடுவதுதான். எந்திர ரம்பம்கூட எடுத்துப்போகக் கூடாத இடத்தில் திட்டம் போட்டுத் தீ வைப்பதென்றால், அது கை வைப்பது ஆகாதா? தீயை நூறு வருஷம் அணைத்ததும் கை வைத்ததுதானே, அதைச் சரிசெய்யத்தானே இது என்று மறுபக்கம் கேட்கிறது. நான் மறுபக்கம்தான். ஆனால் எதிர்ப்பவர்களை விவரம் தெரியாதவர்கள் என்று ஒதுக்க மாட்டேன்.

ஏனென்றால் பள்ளத்தாக்கைச் சுற்றி வீடுகள் இருக்கின்றன. 2012 வாக்கில் பெரிய அளவில் திட்டமிட்ட தீ என்ற யோசனை வந்தபோது உள்ளூர்க்காரர்கள் பலர் கடுமையாக எதிர்த்தார்கள். புகை, வீட்டுக்கு ஆபத்து, சுற்றுலா படுத்துவிடும் என்ற பயம், அரசு மேல் பொதுவான அவநம்பிக்கை, எல்லாம் சேர்ந்தது. தீ மட்டும் யாரிடமும் அனுமதி கேட்காமல் வந்து போகிறது. 2007-லும், 2013 நவம்பரில் டேபிள் ராக் பக்கமும் காட்டுத்தீ பரவியது. திட்டமிட்ட தீக்கும் இதற்கும் வித்தியாசம், எப்போது, எவ்வளவு உக்கிரமாக என்பதை முடிவு செய்வது நாமா காற்றா என்பதுதான்.

அப்படியானால் நம் ஊர் மலைகளிலும் தீ நல்லதுதானா?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் குரங்கணி நினைவுக்கு வராமல் இருக்காது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டத்து மலையில் 20-க்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்கள் தீயில் உயிரிழந்தார்கள். அங்கே போய் "தீ இயற்கைதான்" என்று உபதேசம் செய்ய முடியாது.

பொதுவான விடை கிடையாது. நீலகிரிப் புல்வெளிக்குத் தோடர்கள் தீ வைத்து வந்ததுண்டு. அது புல்வெளிக்கு நல்லதா என்று இன்றும் வாதம் நடக்கிறது. பக்கத்திலேயே இருக்கும் சோலைக்காட்டுக்குள் தீ புகுந்தால் அங்குள்ள மரங்கள் தாங்காது. ஒரே மலையில் நூறு அடி தள்ளினால் விடை மாறுகிறது. லின்வில் பாறை விளிம்பில் கிடைத்த விடை அந்த விளிம்புக்கானது. அதை மூட்டை கட்டி ஊருக்குக் கொண்டுவர வேண்டாம்.

சட்டப் பாதுகாப்பு உண்டா?

1980 அக்டோபரில் அமெரிக்க அரசு இதை அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாக அறிவித்தது. கூடவே முகட்டின் ஒரு பகுதியை இன்றியமையாத வாழிடம் என்றும் குறித்தது. அரசு நிலத்தில் இருந்து பறிப்பதும் பிடுங்குவதும் குற்றம். ஆனால் சட்டம் பறிப்பவரைத் தடுக்கும், வளரும் சாண்ட் மிர்ட்டிலை என்ன செய்யும்?

வீட்டுத் தோட்டத்தில் வளர்த்தால் இனம் பிழைக்குமே?

ஹட்சோனியா வகைச் செடிகள் பொதுவாகவே தோட்டத்துக்கு அடங்காதவை. பிடுங்கி நட்டால் பிழைப்பது அரிது. நல்ல மண், உரம், தண்ணீர் என்று நாம் காட்டும் அன்பெல்லாம் இதற்கு விஷம். அரசு நிலத்துச் செடியில் கை வைப்பது குற்றம் என்பது தனி. தாவரவியல் பூங்காக்களின் வேலையை அவர்களிடம் விட்டுவிடலாம்.

இதே முகட்டில் வேறு என்னென்ன அரிய செடிகள் இருக்கின்றன?

ஹெல்லர்ஸ் ப்ளேசிங் ஸ்டார் என்ற ஊதாப் பூச்செடி. இதே மலைத்தொடரின் உயரமான பாறைகளில் மட்டும் வளர்வது, இதுவும் அரசுப் பட்டியலில் இருக்கிறது. கோடைக் கடைசியில் பூக்கும், ஆகவே இரண்டையும் ஒரே பயணத்தில் பூவோடு பார்ப்பது கடினம். டேபிள் மவுண்டன் பைன் மரத்தையும் தவறவிடாதீர்கள். கூம்பில் முள் கொக்கி மாதிரி வளைந்திருக்கும். தீயின் சூடு பட்டால்தான் பெரும்பாலான கூம்புகள் நன்றாகத் திறந்து விதை கொட்டும். ஆக இந்த முகட்டில் தீக்காகக் காத்திருப்பது நம் செடி மட்டுமில்லை.

போய்ப் பார்க்கலாமா? எப்படி?

தாராளமாக. பக்கத்து ஊர் மோர்கன்டன். சார்லட்டிலிருந்து காரில் சுமார் இரண்டு மணி நேரம், கடைசிப் பகுதியில் மண் பாதையும் வரும். டேபிள் ராக் அடியில் வண்டி நிறுத்துமிடம் உண்டு. அங்கிருந்து தெற்கே சிம்னீஸ் நோக்கி முகட்டோடு நடக்கலாம். குழந்தைகளைக் கூட்டிப் போனால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், விளிம்பில் வேலி கிடையாது, கீழே ஆயிரம் அடிக்கு மேல் பள்ளம்.

நடக்கும்போது பாதையிலோ வெறும் பாறை மேலோ மட்டும் கால் வையுங்கள். பாறைக்கும் புதருக்கும் நடுவில் இருக்கும் சரளையில் வைக்க வேண்டாம். பை, கயிறு, சாப்பாட்டுக் கூடை எல்லாமும் பாறை மேலேயே இருக்கட்டும். படம் எடுக்க வேண்டுமானால் பாறையில் நின்று ஜூம் செய்து எடுங்கள். செடி இருக்கும் துல்லியமான இடத்தைப் படத்தோடு சமூக ஊடகத்தில் போடுவதைத் தவிர்ப்பது நல்லது. திருடுவார்கள் என்பதைவிட, அதே படத்தை எடுக்க நூறு பேர் அதே சரளையில் நிற்பார்கள் என்பதுதான் கவலை.

அனுமதி, பருவம்?

பகலில் போய்த் திரும்ப அனுமதி வேண்டாம். மே முதல் அக்டோபர் வரை வார இறுதியிலும் விடுமுறை நாளிலும் இரவு தங்குவதானால் முன்கூட்டியே அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டும். டேபிள் ராக் போகும் சாலையைக் குளிர்காலத்தில், வழக்கமாக ஜனவரி முதல் மார்ச் வரை, மூடிவிடுவார்கள். 2024 செப்டம்பர் கடைசியில் வந்த ஹெலீன் புயல் இந்த வட்டாரத்தின் சாலைகளையும் பாதைகளையும் கடுமையாகச் சிதைத்தது. கிளம்புமுன் எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று வனத்துறை அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். பாறை ஈரமாக இருந்தால் வழுக்கும், மழை அறிவிப்பு இருந்தால் வேறு நாள் பாருங்கள்.